பதினாறு வீடுகளில் வளர்ந்த முடி

மதலேன் வீதியில் பதினேழு வீடுகள். அவற்றில் பதினாறு வீடுகளின் சுவர்களில் முடி வளர்ந்த வருஷத்தில், வளராத அந்தப் பதினேழாவது வீட்டில் நானும் என் அம்மாவும் குடியிருந்தோம். காரைக்காலில் யாரைக் கேட்டாலும் அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்வார்கள், எந்த வீட்டில் எவ்வளவு நீளம், எந்த வீட்டில் கடிகாரத்தைச் சுற்றி வளைந்து போனது, எந்த வீட்டில் கூரை வரைக்கும் ஏறியது என்று விரல் விட்டுச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஏன் வளரவில்லை என்பதை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வெட்கம் என்னுடையது, என் பெயர் எர்னெஸ்தீன்.

அவா என் மாமா மகள். மாமா அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஆப்பிரிக்காவில், செனெகல் நாட்டுத் தக்கார் நகரத்தில் பணியில் இருந்தபோது அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்தப் பெண் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, ஆறு வயது மகளை ஒரு கையிலும் தகரப் பெட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்று, பிள்ளையைத் தன் அக்காளான என் அம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடியும் பட்டாளத்துக்குப் போனவர். பிள்ளையின் பெயர் அவா. தமிழில் அதற்கு ஆசை என்று அர்த்தம் என நான் சொன்னபோது மாமா சிரித்து, "அங்கயும் ஆசையாத்தான் வச்சோம்" என்றார். ஏழு வருஷம் அவள் எங்கள் வீட்டில் வளர்ந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது மாமா வந்து பிரான்சுக்கு அழைத்துப் போனார். அதன் பிறகு முப்பது வருஷம் கிறிஸ்துமஸ் அட்டைகள் வந்தன, பிறகு மாமா இறந்த சேதி வந்தது, பிறகு ஒரு தை மாதத்துக் காலையில் அவளே வந்தாள்.

வாசல் நிலையில் குனிந்துதான் நுழைந்தாள். உயரத்தால் குனியவில்லை, முடியால் குனிந்தாள். ஒவ்வொரு சுருளும் பென்சில் முனையில் சுற்றி எடுத்தது மாதிரி இறுகி, ஆயிரம் சுருள் சேர்ந்து தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் ஓங்கி நின்று, பின்னாலிருந்த வெயிலை முழுக்க மறைத்தது. என் அம்மா அமலோற்பவத்துக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. முப்பது வருஷம் கழித்துப் பார்க்கிற தம்பி மகளிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "முடிய வெட்டலையா நீ?" என்பதுதான்.

அவா அதைக் கேலியாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். "இல்ல அத்தை. அதான் அம்மாவோட கடன் தீந்துபோச்சுல்ல."

அதைக் கேட்டதும் என் கையிலிருந்த காப்பித் தம்ளர் சாய்ந்து புடவையில் கொட்டியது. சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் பிரான்சில் அச்சுப் படக்காரியாகியிருந்தாள். வீதிக் கோடியில், அரசலாற்றுப் பக்கம் பூட்டிக் கிடந்த மாமாவின் வீட்டைத் திறந்து கழுவி, லாரியில் வந்த ஒரு பெரிய அச்சு இயந்திரத்தை எட்டுப் பேரை விட்டு முன்கூடத்தில் இறக்கினாள். கனமான இரும்பு உருளை இரண்டு, பக்கத்தில் கப்பல் சக்கரம் மாதிரி ஒரு கைச்சக்கரம். கதவைச் சாத்தாமல் வேலை செய்தாள், யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். செப்புத் தகட்டின் மேல் மிருதுவான மெழுகைப் பூசி, அதன் மேல் கம்பளி நூலையும், பிரித்த கயிற்றையும், சீப்பில் உதிர்ந்த தன் முடியையும் சுருட்டி, முறுக்கி, பரப்பி அழுத்துவாள், அழுத்திய இடத்தில் மெழுகு கழன்று வரும், அங்கே மட்டும் அமிலம் செம்பைத் தின்னும், தின்ற பள்ளத்தில் கறுப்பு மையைத் தேய்த்து, ஈரக் காகிதத்தை மேலே போட்டு, சக்கரத்தைச் சுற்றுவாள். காகிதத்தை உரித்தெடுத்தால் அதில் தலை இருக்காது, முகம் இருக்காது, வெறும் சுருள்களும் முடிச்சுகளும் அலைகளும் கறுப்புக்குள் கறுப்பாக இருக்கும்.

எதிர்வீட்டு ஜெமிலா பீவி தையல் கடை வைத்திருந்தவர், மனதில் தோன்றியதைக் கேட்டுவிடுகிறவர். "ஏம்மா, இதுல தலை எங்க?" என்றார்.

"தலை வந்தா எல்லாரும் முகத்தைத் தேடுவாங்கம்மா. முடியைப் பாக்க மாட்டாங்க" என்றாள் அவா.

ஈஸ்டருக்கு வீதியில் எல்லாரும் பலகாரம் கொடுத்துவிடுவது போல, வீட்டுக்கு ஒரு படமாக அவா கொடுத்தாள், சாதி மதம் பாராமல் பதினாறு வீட்டுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள், தன் வீட்டு முன்கூடத்திலும் ஒன்றை மாட்டினாள். வாங்கியவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல், "ரொம்ப உழைச்சிருக்கம்மா" என்று சொல்லி, தெருமுனையில் கண்ணாடிச் சட்டம் போடும் ரத்தினவேலுவிடம் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

வளர்வதை முதலில் கண்டவர் ரத்தினவேலுதான். ஒரு மாதத்துக்குள் மூன்று வீட்டிலிருந்து படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, சட்டம் அளவு சரியில்லை, கோடு ஓரத்தில் இடிக்கிறது என்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், காகிதம் அதே அளவில்தான் இருந்தது, கோடுதான் நீண்டிருந்தது. தொழில் தெரிந்தவர் ஆதலால் ஒன்றும் கேட்காமல் பெரிய சட்டமாகப் போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதம் அதையும் தாண்டியது. மூன்றாம் மாதம், "இனிமே சட்டம் வேணாம், அது போற போக்குல போகட்டும்" என்று சொல்லிவிட்டார், கோடுகள் காகிதத்தை விட்டு இறங்கிச் சுவரில் ஏறி, சுருண்டு சுருண்டு நடக்கத் தொடங்கின.

சலூன் வைத்திருந்த மரியசூசை தன் வீட்டுச் சுவரில் பென்சிலால் அடையாளம் வைத்து அளந்து, நாளுக்கு அரை அங்குலம், மனிதருக்கு ஒரு மாதத்தில் வளர்கிற கணக்கு இங்கே ஒரு நாளில் என்று சொன்ன பிறகு வீதிக்கு நிம்மதி வந்தது, அளவு தெரிந்துவிட்டால் எதனோடும் குடித்தனம் நடத்திவிடலாம் அல்லவா. சிலர் வெள்ளையடித்துப் பார்த்தார்கள், ஏழாம் நாள் சுண்ணாம்புக்கு மேலே வந்து நின்றது. வாடகைக்குக் குடியிருந்த ஒரு தபால்காரர் குடும்பத்துக்கும் வீட்டுக்காரருக்கும் இது யார் பொறுப்பு என்று வாய்த்தகராறு வந்தது, பிறகு வீட்டுக்காரரே வாரம் ஒரு தடவை வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போகத் தொடங்கினார். நகராட்சியிலிருந்து ஒருவர் அனுமதியில்லாத சுவர் விளம்பரம் என்று புகார் வந்ததாகச் சொல்லி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார், வீடு வீடாகப் பார்த்தார், கடைசியில் புத்தகத்தில் "வளர்கிறது" என்று மட்டும் எழுதிக்கொண்டு, ஜெமிலா பீவி கொடுத்த சர்பத்தைக் குடித்துவிட்டுப் போனார். கோடுகள் சாமி படத்தையும், இறந்தவர்கள் புகைப்படத்தையும் தொடாமல் சுற்றிப் போயின. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, மீந்ததைப் பெண்கள் சுவருக்கும் ஒரு கை தடவினார்கள், தடவிய இடம் மினுமினுவென்று கறுத்தது. ஜெமிலா பீவி கடையில் கல்யாணப் பெண்கள் அந்தச் சுருள் வடிவத்தைத் துப்பட்டா ஓரத்தில் தைத்துத் தரச் சொன்னார்கள். சுருட்டை முடிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதுவரை படியப் படிய வாரி இறுக்கியதை விட்டுவிட்டு, அவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டில் அது குறைந்தது.

முதலில் ஓரத்துச் சுருள் ஒன்று போனது. நான் கண்ணில் கோளாறு என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஓரம் முழுக்க வெளுத்தது, மழித்தது போல ஒரு சீரான கோட்டில் வெளுத்தது. மாதம் ஆக ஆகப் படம் நாலு பக்கத்திலிருந்தும் உள்ளே போய், ஒரு கைப்பிடி அளவாகி, ஒரு பொட்டளவாகி, ஆனி மாதக் கடைசியில் சட்டத்துக்குள் வெறும் வெள்ளைக் காகிதம் இருந்தது. "நல்லதாப் போச்சு, சுவரு சுத்தமா இருக்கு" என்றாள் அம்மா. தெருவில், "உங்க வீட்ல எம்புட்டு வந்திருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம், "உள் அறையில மாட்டியிருக்கோம், வளருது வளருது" என்று சொன்னேன், சொல்லிவிட்டு, யாரும் வந்து பார்த்துவிடக் கூடாதே என்று அன்று முழுக்க முன்கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

ஏன் குறைந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அவா எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், என்னைப் பெண் பார்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா வீட்டைக் கழுவினாள், திரைச்சீலை மாற்றினாள், பீங்கான் கோப்பைகளை இறக்கித் துடைத்தாள், கடைசியில் முற்றத்தில் பூனையோடு விளையாடிக்கொண்டிருந்த அவாவைப் பார்த்தாள், துடைக்காமல் விட்ட ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்த முடியோடு போராடி அவள் ஏற்கனவே மூன்று சீப்புகளை உடைத்திருந்தாள், பிள்ளை வலி தாங்காமல் அலறுவாள், அம்மா இன்னும் இறுக்கி இழுப்பாள். "இந்தத் தலையோட இவ அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுனா, வர்றவங்க இவங்க குடும்பத்துல என்ன கலந்திருக்குன்னு கேக்க மாட்டாங்களா? மாதா கோயிலுக்குக் கூட்டிப்போயி மொட்டை போட்டுருவோம். நேர்த்திக்கடன்னு சொல்லிக்கலாம். யாரு கேக்கப் போறா?"

நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

கடற்கரையோரத்து மாதா கோயிலில் முடி இறக்கும் கொட்டகையில் சவரக் கத்தியைக் கண்டதும் பிள்ளை இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு கத்தினாள். அவளுக்கு அப்போது தமிழ் வராது, தாயின் பாஷையும் தகப்பனிடம் கேட்ட பிரெஞ்சும்தான். எனக்குப் பிரெஞ்சு தெரியும், கன்னியர் பள்ளியில் படித்தது. "சும்மா உக்காரச் சொல்லுடி அவகிட்ட, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் அம்மா. நான் பிள்ளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, நல்ல பிரெஞ்சில், மெல்லிய குரலில் சொன்னேன்: உன் அம்மா சாகிறதுக்கு முன்னால் உன் அப்பாவிடம் ஒன்று சொன்னாங்க, என் மகள் முடியை மாதாவுக்குக் கொடுத்தால்தான் எனக்கு மோட்சத்துக்கு வழி தெரியும், ஏழு வருஷம் கொடுக்க வேணும் என்று சொன்னாங்க.

ஏழு வருஷம் என்று ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வாயில் வந்தது.

பிள்ளை அழுகையை நிறுத்தினாள். "அம்மாவா சொன்னாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டிக் குனிந்து கொடுத்தாள். மூன்றாம் வருஷத்திலிருந்து நாங்கள் மறந்தாலும் அவள் மறக்கவில்லை. நாள் நெருங்கும்போது தானே வந்து, அதற்குள் கற்றுக்கொண்ட தமிழில், "அத்தாச்சி, அம்மா கடன் வருதுல்ல?" என்று ஞாபகப்படுத்துவாள்.

பெண் பார்க்க வந்த கஸ்பாரையே கட்டிக்கொண்டேன். காரைக்காலிலேயே அவருக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்ததால் எங்கள் வீட்டோடு இருந்தார். கல்யாணமாகி ஒரு வாரம் இருக்கும், ஒருநாள் அவர் கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு ஏன் மொட்டை? உன்னைப் பாக்க வர்றதுக்கு முந்தின மாசம் ஒரு வேலையா இந்தத் தெருவழியா வந்தேன். இவ வாசல்ல நின்னு என்னைப் பாத்துச் சிரிச்சா. எம்புட்டு முடி! இந்த வீட்டுலயே பொண்ணு எடுக்கலாம்னு அப்பவே தோணிச்சு." அவரிடமும் நான் நேர்த்திக்கடன் என்றேன். அவர் இறந்து ஐந்து வருஷமாகிறது, கடைசிவரை அப்படித்தான் நம்பினார்.

அந்த ஆடி மாதத்தில், ஒரு மதியம், அம்மா தூங்கும்போது, நான் சட்டத்தைக் கழற்றிக் காகிதத்தை மேசையில் விரித்து, கறுப்புப் பேனாவை எடுத்துச் சுருள் சுருளாக வரைந்தேன். ஐம்பத்தேழு வயதில், மூக்குக்கண்ணாடி நழுவ நழுவ, நகல் எழுதிப் பிடிபடுகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாசலைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். நாலு நாள் ஆயிற்று. மாட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தபோது பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவா வந்தாள். எல்லா வீட்டிலும் கூப்பிட்டுக் காட்டினார்களாம், எங்கள் வீட்டில்தான் கூப்பிடவில்லையாம், ஊருக்குப் போகுமுன் பார்த்துவிடலாம் என்று தானே வந்துவிட்டாளாம். அடுத்த மாதம் தக்காருக்குப் போகிறாள். அங்கே அவளுடைய அம்மாவின் தங்கை ஃபாத்து இருக்கிறார், இருபத்தொரு படங்களை எடுத்துப்போய் அவர் ஊரில் காட்டப்போகிறாள். "அந்த வரிசைக்கு அம்மாவின் கடன்னு பேரு வச்சிருக்கேன் அத்தாச்சி. அம்மா கேட்டதை நான் ஏழு வருஷமும் குறையில்லாம குடுத்தேன்னு சின்னம்மாகிட்டச் சொல்லணும். அம்மாவோட முகம் எனக்கு ஞாபகம் இல்ல. அப்பா கடைசிவரைக்கும் அம்மா பேச்சையே எடுக்க விட்டதில்ல. அவங்க சொன்ன அந்த ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. அதை வச்சுத்தான் இத்தனை வருஷம் தகட்டுல கை வச்சேன்."

பேசிக்கொண்டே உள் அறைக்குப் போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டப் போனாள். சட்டத்தைக் கழற்றி விரலால் தடவினாள்.

"இது யார் போட்ட கோடு?"

நான் காகிதத்தை வாங்கக் கையை நீட்டினேன்.

"அத்தாச்சி, இது பேனா. அச்சுக் கோடுன்னா விரல்ல மேடாத் தட்டுப்படும். யார் போட்டது?"

"நான்தான்."

"ஏன்?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா, "அது தானா அழிஞ்சுபோச்சு, அதுக்கு இவ என்ன பண்ணுவா?" என்றாள். அவா அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் பொய் சொல்ல எனக்கு இன்னொன்று தோன்றியது, சுவர் ஓதம் என்று சொல்லியிருக்கலாம், அவள் நம்பியும் இருப்பாள், என்னை எப்போதும் நம்பித்தான் பழக்கம். வாயைத் திறந்தேன். "உங்கம்மா அப்படி ஒண்ணும் சொல்லல அவா" என்று வந்தது.

சொல்ல ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை. பெண் பார்க்க வந்தது, மூன்று சீப்பு, கொட்டகை, ஏழு வருஷம் என்று வாயில் வந்தது, எல்லாம் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள். அம்மா குறுக்கே, "நல்லதுக்குத்தானே செஞ்சோம், மாதாவுக்குக் குடுத்தது வீணாப் போகுமா, உன்னை வளத்து ஆளாக்கலையா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவள் கேட்டது வேறு.

"அப்ப எங்கம்மா என்னதான் சொன்னாங்க? சாகும்போது? அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"ஒண்ணுமேவா?"

"நான் கேக்கவே இல்ல அவா."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசல் நிலையில் குனிய மறந்து முடி மேலே உரசியது.

பதினோரு நாள் அச்சுச் சக்கரம் சுற்றும் சத்தம் வீதியில் கேட்கவில்லை. பதினாறு வீட்டிலும் சுவரில் வளர்ச்சி நின்றது. எண்ணெய் தடவினாலும் மினுக்கம் வரவில்லை, காய்ந்த தென்னை நார் மாதிரி வறண்டு நின்றது. மரியசூசை தன் பென்சில் அடையாளத்தில் மயிரிழைகூட நகரவில்லை என்றார். வீதி கவலைப்பட்டது, அவாவுக்கு உடம்புக்கு முடியவில்லையோ, நாம் ஏதும் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நாள் காலை நான் புடவை மாற்றிக்கொண்டு வெளியே இறங்கி, முதல் வீட்டில் தொடங்கி, வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "உங்க சுவர்ல ஏதும் கோளாறு இல்ல. நான் பண்ணதுதான் காரணம்" என்று ஆரம்பித்து, முழுதையும், ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் அது புதிதாகத்தான் இருந்தது, சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்திருந்தேன், பழகவில்லை.

யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. தபால்காரர் மனைவி நான் பேசி முடிக்குமுன் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஜெமிலா பீவி தைப்பதை நிறுத்தி, "நாங்க மட்டும் என்னத்த ஒழுங்கு. அந்தப் புள்ள தெருவுல போனா, பஞ்சு மாதிரி இருக்குதான்னு அழுத்தி அழுத்திப் பாப்போம். அது ஒருதரமும் கையத் தட்டிவிடல. வெக்கமா இருக்கு எர்னெஸ்தீன்" என்றார். ரத்தினவேலு கண்ணாடி அறுத்துக்கொண்டே கேட்டார். "மொட்டை மொட்டைன்னு கூப்பிட்டது நான்தான். பேரே அதுன்னு நினைச்சேன்" என்றார், அடுத்த கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தார். அன்று சாயங்காலம் அவா வீட்டு வாசலில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள், கதவு திறக்கவில்லை, நின்றுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கதவு திறந்தது. அவள் படங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்று, "அவா, என்னை..." என்று ஆரம்பித்தேன்.

"மன்னிப்புக் கேக்காதீங்க அத்தாச்சி. கேட்டா நான் பதில் சொல்லணும்." கட்டுகிற கயிற்றின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள். "இதைப் பிடிங்க." பிடித்தேன். இருபத்தொரு படத்தையும் அவள், ஒவ்வொன்றின் பின்னாலும் அம்மாவின் கடன் என்று பென்சிலால் எழுதியிருந்த பேரை ரப்பரால் அழித்துவிட்டு அழித்துவிட்டுத்தான் கட்டினாள்.

அவள் போன பிறகும் வீதிச் சுவர்கள் வறண்டே கிடந்தன. ஆனாலும் சனிக்கிழமை எண்ணெய் தடவுவதை யாரும் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டில் நான் பேனாவால் வரைந்திருந்த காகிதத்தை எடுத்துக் கிழித்துப்போட்டேன், சட்டத்தை அப்படியே காலியாகத் தொங்கவிட்டேன், யாராவது வந்து கேட்டால் கேட்கட்டும் என்று முன்கதவைத் திறந்து வைத்தேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மதியம் தக்காரிலிருந்து போனில் கூப்பிட்டாள். திரையில் அவள் முகம் தெரிந்தது, முடியை எட்டுப் பத்துப் பின்னலாகப் பின்னி இறக்கியிருந்தாள். சௌக்கியம் விசாரிக்கவில்லை. "சின்னம்மா உங்ககிட்டப் பேசணுங்கிறாங்க. நான் எல்லாம் சொல்லிட்டேன். அவங்க சொல்றதைக் கேட்டு அத்தைகிட்டச் சொல்லுங்க. சரியாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பினாள்.

ஃபாத்து என்னை விட ஐந்தாறு வயது இளையவராக இருப்பார், மஞ்சள் துணியைத் தலையில் சுற்றிக் கட்டியிருந்தார். என்னைத் திட்டவில்லை. நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சில் பேசினார், நான் ஒவ்வொரு வாக்கியமாக, கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அவாவுடைய அம்மா சாகும்போது ஒன்றும் சொல்லவில்லையாம், நாலு நாள் நினைவே இல்லையாம். நினைவு இருந்த கடைசி நாளில் பிள்ளையைத் தன் இரண்டு காலுக்கு நடுவில் உட்கார வைத்துப் பழைய பின்னலை அவிழ்த்துப் புதிதாகப் பின்னத் தொடங்கினாளாம். பாதித் தலைதான் பின்ன முடிந்ததாம், பிறகு கை நடுங்கிப் படுத்துவிட்டாளாம். மீதியைத் தங்கை ஃபாத்துவைப் பின்னச் சொன்னாளாம். தங்கை சின்னப் பெண், அவசரத்தில் இறுக்கி இழுத்தாளாம், பிள்ளை அழுதாளாம். அப்போது கண்ணைத் திறக்காமலே பாயிலிருந்து சொன்னாளாம்.

"ந்தங்க்" என்றார் ஃபாத்து. தன் பாஷையிலேயே சொன்னார். "ந்தங்க், ந்தங்க்."

போனுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, அவா அழுகிற சத்தம் கேட்டது. அழுதுகொண்டே எனக்கு அதன் அர்த்தத்தைச் சொன்னாள்.

"என்னடி சொல்றா அவ?" என்றாள் அம்மா.

"மெதுவான்னு சொன்னாளாம்மா. புள்ளைக்கு வலிக்குது, மெதுவா, மெதுவான்னு."

அம்மா இப்போதும் ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் மடியில் கிடந்த தன் இரண்டு கையையும் பார்த்தாள், பார்த்துவிட்டு அவற்றை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். போன் இன்னும் அணையவில்லை, அந்தப் பக்கத்தில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள் அம்மா.

நான் சொன்னேன்.